கழுவத் தேவையில்லாத பிளக்ஸ்

செவ்வாய்க்கிழமை காலையில் பிளக்ஸ் இல்லை.

கடைசிக் கேன் அது. அடியில் கொஞ்சம் இருந்தது. சூப்பர்வைசர் கீர்த்திவாசனுக்குச் சளி. கேனைத் திறந்து முகர்ந்தால் மூக்கடைப்பு விடுகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சனிக்கிழமை மாலை முகர்ந்தார். மூட மறந்தார். ஞாயிறும் திங்களும் விடுமுறை. ஸ்பிரிட் கலந்த திரவம் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.

"மூக்காவது விட்டுச்சுங்களா சார்?" என்று வீரம்மா கேட்டாள்.

"ஒரு பக்கம்," என்றார் கீர்த்திவாசன்.

நீலகிரியில் குந்தாவுக்கு மேலே, மூடிப்போன தேயிலை பேக்டரியின் மாடியில் அந்த யூனிட் இருந்தது. முன்பு இலை வாட்டிய மாடி. இப்போது அங்கே சில பெண்கள் உட்கார்ந்து தெருவிளக்குக்கான சோலார் பேனல்களைச் செய்தார்கள். செல் என்பது நீல நிறத் தகடு. அப்பளம்போல் மெலிது, அப்பளத்தைவிடச் சீக்கிரம் உடையும். ஒரு செல்லையும் அடுத்ததையும் வெள்ளீயம் பூசிய தாமிர நாடாவால் இணைக்க வேண்டும். நாடாவைப் பிளக்ஸில் தொட்டு, செல்லின் மேல் வைத்து, பற்றவைக்கும் சூடான அயர்னால் ஒரே இழுப்பு. பிளக்ஸ் இருந்தால் வெள்ளீயம் உருகிப் பரவிப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மணி மணியாக உருண்டு மேசையில் ஓடும்.

தேவி ஒரு செல்லில் முயன்று பார்த்தாள். உருண்டு ஓடியது.

"எட்டுப் பேனல்," என்றாள். "வெள்ளிக்கிழமை அந்தம்மா வர்றாங்க."

அந்தம்மா என்பது கோயம்புத்தூர் கம்பெனியின் இன்ஜினீயர் ஸ்டெபி. எட்டுப் பேனலும் சரியாக வேலை செய்தால் யூனிட் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் மேசை, அயர்ன், கீர்த்திவாசன் எல்லாம் கோயம்புத்தூருக்குப் போய்விடும். தேவி போக முடியாது. அவள் எஸ்டேட் ஆள். இடது முழங்கால் கெட்டுப்போய்விட்டது. சரிவில் நின்று கொழுந்து பறிக்க முடியாது. எஸ்டேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை இது ஒன்றுதான். வேலை இல்லாதவருக்கு எஸ்டேட் குடியிருப்பான லைனில் வீடு இல்லை.

"ஆர்டர் போட்டுடலாம்," என்றார் கீர்த்திவாசன். "இதுக்குப் போய்."

அவர் போனில் பிளக்ஸ் என்று தேடினார். பெயர் வந்தது: ஜாபேஸ் பிளக்ஸ், குன்னூர். யாருடைய எண் என்று அவருக்கு நினைவில்லை. பெயரிலேயே பிளக்ஸ் இருந்தது. மாடியில் சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலில் தலையை வெளியே நீட்டிப் பேசினார். காலிக் கேனின் லேபிளைக் கையில் வைத்திருந்தார். அவர் பேசியது மட்டும் தேவிக்குக் கேட்டது.

"பிளக்ஸ் வேணும். ரொம்ப அவசரம்... பத்து... பத்துக்கு எதுக்கு, அஞ்சு போதும்... ஆமா, அஞ்சு... ஈயம் கூடாது. ஹாலோஜன் கூடாது. கழுவத் தேவையில்லாததா இருக்கணும்... ஆமா, அவ்வளவுதான், வேற எதுவும் வேண்டாம்... யார் பேர்லயா? தேவின்னு போட்டுடுங்க. அவங்கதான் வேலை பாக்கறது... போட்டோவா? அனுப்பறேன்."

"போட்டோ எதுக்குங் சார்?"

"வாங்கறவங்க அடையாளம். இப்பல்லாம் எல்லாத்துக்கும் கேக்கறான்."

தேவியின் அடையாள அட்டைப் படத்தை அனுப்பினார்.

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் கூட்டம் நின்றது. பஸ்ஸுக்காக இல்லை. பத்தடிக்கு ஐந்தடி பிளக்ஸ் கட்டியிருந்தது. அதில் தேவி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பு எழுத்து.

*தேவி*
*ஈயம் கூடாது!*
*ஹாலோஜன் கூடாது!*
*கழுவத் தேவையில்லை!*

கீழே சின்ன எழுத்தில் ஜாபேஸின் போன் நம்பர். கட்டிக் கொடுப்பதும் அவர் சர்வீஸில் சேர்த்தி. விடியுமுன் வந்து கட்டிவிட்டுப் போயிருந்தார்.

தேவி முழங்காலைப் பிடித்தபடி நின்று படித்தாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை.

"சொல்லவேயில்லையே அக்கா," என்றாள் டீக்கடை ராஜகுமாரி. "எந்தக் கட்சி?"

"கட்சியுமில்ல ஒண்ணுமில்ல. அது பிளக்ஸு."

"பிளக்ஸுன்னு எனக்குந் தெரியுது. எந்தக் கட்சிங்கறேன்."

"சுயேச்சையாட்டத்தான் இருக்குது," என்றார் கூட்டத்தில் ஒருவர். "சின்னமே காணோம்."

"தேர்தலே இன்னும் சொல்லலியே."

"அதான் முன்னாடியே இடம் புடிக்கறாங்க. வெவரமான ஆளு."

ஈயம் கூடாது என்றால் என்ன என்பதில் இரண்டு கருத்து இருந்தது. ரேஷனில் மட்டமான பாத்திரம் கொடுக்கப் போகிறார்கள், அதைத் தடுக்கிறாள் என்றார்கள் சிலர். ரேஷனில் பாத்திரம் கொடுப்பதே இல்லை என்றார்கள் மற்றவர்கள். அதுதான் தடுத்துவிட்டாளே என்றார்கள் முதலில் சொன்னவர்கள். ஹாலோஜன் பற்றி எல்லோரும் ஒத்துப்போனார்கள். அது ஒரு சாதியாக இருக்கலாம், பேசாமல் இருப்பது நல்லது.

கழுவத் தேவையில்லை என்பது எல்லோருக்கும் நேராகப் புரிந்தது. ராஜகுமாரி அன்று முழுக்க டீ கிளாஸைக் கழுவவில்லை.

யூனிட்டில் கீர்த்திவாசன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

"சார், பிளக்ஸுன்னு பேனர் வந்துருக்குதுங்க."

"பாத்தேன். நல்லா பிரிண்ட் பண்ணியிருக்கான்."

"நமக்கு வேண்டியது கேன்ல வர்றதுங்க."

கீர்த்திவாசன் திரும்பவில்லை. "ஒரு பிரச்சனை. பிளக்ஸ் ஆர்டர் போட்டாச்சு, வந்தாச்சுன்னு சிஸ்டத்துல ஏத்திட்டேன். வந்த பொருளை மறுபடி கேட்டா, முதல்ல வந்தது எங்கேன்னு கம்பெனி கேக்கும்."

"பஸ் ஸ்டாப்புல இருக்குதுன்னு சொல்லுங்க."

"அதைத் தொட்டு ஒட்ட முடியுமான்னு கேக்கும்."

"முடியாதுங்களே."

"அதான் சொல்றேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார். மறுபக்கம் இன்னும் விடவில்லை.

மதியம் தேவி வீரம்மாவின் கணவரை ஊட்டிக்கு அனுப்பினாள். பிளக்ஸ் என்று சொல்லாதே, மறுபடி குழம்பும், ரேடியோ கடைக்காரர்கள் அதைப் பேஸ்ட் என்பார்கள், பேஸ்ட் என்று கேள் என்றாள். அவர் மாலையில் பேஸ்டுடன் வந்தார். வெள்ளையாக இருந்தது. ஒரு பிரஷ் இலவசம்.

"உன்ற ஊட்டுக்காரன் பல்லு வெளக்குறதே தீபாவளிக்குத்தான்," என்றாள் தேவி. "அவனுக்கு இந்தக் கடைதான் கண்ணுல பட்டுச்சா?"

"ரேடியோ கடையெல்லாம் இப்ப செல்போன் கடை ஆயிப்போச்சாமா அக்கா. அங்க ரேடியோவே இல்லையாம். பேஸ்ட் மட்டும் எங்கிருந்து வரும்?"

அன்று இருட்டும் முன் ஆறுச்சாமி வந்தார். முன்னாள் வார்டு உறுப்பினர். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினார். கூட வந்தவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஏனுங் அம்மணி. நிக்கப் போறீங்களாமா?"

"நான் உக்காந்துதானுங்க வேலை பாக்கறேன். நின்னா முழங்காலு புடிச்சுக்குது."

ஆறுச்சாமி கூட வந்தவரைப் பார்த்தார். "பாத்தியா பேச்சை. இப்படிப் பேசறவங்கதான் நிப்பாங்க."

"நெசமா நிக்கலீங்க."

"பதினஞ்சு வருசமா இந்த வார்டுல எனக்கு எதிரா ஒரு பிளக்ஸ் வந்ததில்லீங்க. கூட நின்னவங்க இருக்காங்க. பிளக்ஸு வெச்சதில்ல." தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நானே இன்னும் வெக்கலீங்க. தேதி சொன்னப்புறம் வெக்கலாம்னு இருந்தேன்."

தேவிக்குப் பாவமாக இருந்தது. "தப்பா வந்த பிளக்ஸுங்க அது. அவுத்துடச் சொல்லுங்க, எனக்கொண்ணுமில்ல."

"ஒருத்தர் பிளக்ஸை இன்னொருத்தர் அவுக்கறதா? கலவரம் ஆயிப்போகும். நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். என்ன வேணும்னு சொல்லுங்க, வெலகிக்கங்க."

தேவி யோசித்தாள். மலையில் லாரி, ஜீப், ஆள் எல்லாம் உள்ளவர் இவர் ஒருவர்தான்.

"பிளக்ஸுதானுங்க வேணும்."

"பிளக்ஸா?"

"ஆமாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள. கொஞ்சம் இருந்தாப் போதும்."

"கொஞ்சமெதுக்கு?" ஆறுச்சாமியின் முகம் தெளிந்துவிட்டது. "பெருசாவே வெச்சுருவோம்."

"அய்யோ, பேனர் இல்லீங்க. தண்ணியாட்டம் இருக்கும். கேன்ல வரும்."

அவர் கூட வந்தவரைப் பார்த்தார். கூட வந்தவர் தலையை ஆட்டினார்.

"கேனும் வரும்," என்றார் ஆறுச்சாமி.

வியாழக்கிழமை காலையில் இரண்டும் வந்தன. கேன் குடிதண்ணீர்க் கேன். பிளக்ஸ் இருபதடிக்குப் பத்தடி. பேக்டரி முற்றத்தின் மேற்கே இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் கட்டினார்கள்.

*போட்டியிலிருந்து விலகிய அன்புச் சகோதரி தேவிக்கு நன்றி! நன்றி! நன்றி!*

ஒரு பக்கம் ஆறுச்சாமி. மறுபக்கம் தேவி. அவள் முகம் மட்டும் ஐந்தடி இருந்தது.

"இதுல எடுப்பா இருக்கீங்க அக்கா," என்றாள் வீரம்மா. "விலகுனப்புறம் ஒரு களை வந்துருச்சு."

தேவி போனை எடுத்தாள். பிளக்ஸின் கீழ் ஓரத்தில் இருந்த நம்பரை அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஜாபேஸுங்களா? நான் தேவி பேசறேன்."

"எந்தத் தேவி?"

"நீங்க ரெண்டு தடவ அடிச்ச தேவி."

"அய்யோ, அக்கா! சொல்லுங்க, அடுத்தது என்ன? மறுபடியும் நிக்கறீங்களா?"

"பிளக்ஸ் வேணும்." அவள் நிறுத்தினாள். "இருங்க. அதுல எழுத்து இருக்காது. படம் இருக்காது. கட்ட முடியாது. அயர்ன வெச்சா பொகை வரும். அந்தப் பிளக்ஸ்."

மறுபக்கத்தில் ஓடிய பிரிண்டர் நின்றது.

"சால்ட்ரிங் பிளக்ஸா?"

தேவி ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அதேதான்."

"அது எங்கிட்டயே இருக்கே அக்கா. கடைக்கு லைட் எரியற எழுத்து போர்டு செய்யறோம்ல. எல்.இ.டி. ஒயரு பத்த வெக்க வேணுமே. ஒரு பாட்டில் கிடக்கு."

"ஈயம், ஹாலோஜன்—"

"கூடாது. கழுவத் தேவையில்லை. தெரியுமே. நான்தான அடிச்சேன்."

பகல் பஸ்ஸில் அவரே கொண்டுவந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் ஸ்கேல். தேவி பாட்டிலின் லேபிளைக் கேனின் லேபிளோடு வைத்துப் பார்த்தாள். ஒரே சரக்கு.

"முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா முதல் நாளே குடுத்திருப்பேன்," என்றார் ஜாபேஸ் வருத்தமாக.

"முதல் நாளே இதைத்தானுங்க சொன்னாரு."

"பத்துக்கு அஞ்சுன்னாரே. எந்தப் பாட்டில் பத்துக்கு அஞ்சு வரும்?"

கீர்த்திவாசன் பாட்டிலை வாங்கி முகரப் பார்த்தார். வீரம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

தேவி அயர்னைச் சூடேற்றினாள். நாடாவைத் தொட்டாள், வைத்தாள், இழுத்தாள். மெல்லிய புகை எழுந்தது. வெள்ளீயம் பரவி, மினுங்கி, நின்றது. அவள் நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அதற்குப்பின் எல்லோரும் குனிந்து வேலை பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் எட்டுப் பேனலுக்கும் செல்கள் இணைந்தன. கண்ணாடிக்கும் பின்தாளுக்கும் நடுவே வைத்து மெஷினில் அமுக்கி முடித்தபோது பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை மழைமூட்டம். ஸ்டெபியின் ஜீப் மதியத்துக்கு மேல்தான் வந்தது. இளம்பெண். மப்ளர் சுற்றியிருந்தாள். பேனல்களைத் தட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்கடியில் நாடாக்களைப் பார்த்தாள்.

"கோடு நல்லா இருக்கு. யார் கை?"

வீரம்மா தேவியைக் காட்டினாள். ஸ்டெபி தேவியைப் பார்த்தாள். ஜன்னல் வழியே பிளக்ஸைப் பார்த்தாள். மறுபடி தேவியைப் பார்த்தாள். நோட்டைத் திறந்தாள்.

"வெயில்ல வெச்சு ரீடிங் எடுக்கணும்," என்றாள்.

சோதனை மேடை கீழே முற்றத்தில் இருந்தது. கம்பெனி கட்டிய சிமென்ட் மேடை. மீட்டரும் ஒயரும் அதிலேயே பதித்திருந்தது. மூன்று மணிக்கு மேல் மேகம் விலகி மேற்கே வெயில் வந்தது. தேயிலைச் சரிவு முழுக்க மஞ்சளாயிற்று. பஸ் ஸ்டாப், கோயில், சர்ச், லைன் வீடுகள், எல்லாவற்றின் மேலும் வெயில். மேடை மட்டும் நிழலில் இருந்தது. இருபதடிக்குப் பத்தடி நிழல்.

முதல் பேனலை வைத்தார்கள். மீட்டர் முள் அசைந்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"ஃபெயில்," என்றாள் ஸ்டெபி.

"நெழலுங்க மேடம். பேனல ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயிப் பாக்கலாமே," என்றாள் தேவி.

"மேடையில வர்ற ரீடிங்தான் எழுதணும். ரோட்டுல வந்தா அது ரோட்டோட ரீடிங்."

"அப்ப அந்தப் பிளக்ஸை அவுக்கறோம்."

ஆறுச்சாமி முற்றத்தில்தான் இருந்தார். தன் பிளக்ஸை யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்க வந்திருந்தார். கூட நாலு பேர்.

"என்ற பிளக்ஸுல யாரும் கை வெக்கக் கூடாது," என்றார். "கட்டி ரெண்டு நாள் ஆகல. அவுத்தா ஆறுச்சாமிய அவுத்த மாதிரி. ஊரு என்ன பேசும்?"

"ஒரு மணி நேரமுங்க. மறுபடி கட்டிடறோம்."

"அவுத்துக் கட்டுனா அது பழைய பிளக்ஸு அம்மணி."

வடமேற்கே அவலாஞ்சிப் பக்கம் மூடுபனி எழும்பத் தொடங்கியிருந்தது. கீழேயுள்ள சோலையை அது மூடிவிட்டது. இந்தப் பக்கம் வர அரைமணி ஆகலாம். ஸ்டெபி வாட்சைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

தேவி படியேறி மாடிக்குப் போனாள். நாடா வெட்டும் கத்தரியோடு இறங்கினாள். மரக்கிளை வெட்டும் ஏணியை வீரம்மா தூக்கி வந்து ஓக் மரத்தில் சாத்தினாள்.

"சொன்னது காதுல விழலீங்களா?" ஆறுச்சாமி குறுக்கே வந்தார்.

"உங்க மூஞ்சியத் தொடமாட்டனுங்க. என்ற மூஞ்சியத்தான் வெட்டறேன்."

ஆறுச்சாமி வாயைத் திறந்தார். கூட வந்த நாலு பேரும் யோசித்தார்கள். அவர்களில் ஒருவர், "அது அவங்களுதுதானுங்களே," என்றார்.

தேவி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து இடது காலை இழுத்துக்கொண்டாள். மேலே போனதும் தன் நெற்றி தன்னைவிடப் பெரிதாக இருந்தது. கத்தரியை நெற்றிப் பொட்டில் குத்தினாள். கத்தரி கிழித்துக்கொண்டு கன்னம் வழியாக இறங்கியது. தாடையைச் சுற்றி மறுகன்னம் வழியாக மேலே வந்தது. முகம் கழன்று, காற்றில் ஒருமுறை உப்பி, தேயிலைச் செடிகளின் மேல் விழுந்தது.

துளை வழியாக வெயில் வந்தது. முகத்தின் வடிவில் முற்றத்தில் விழுந்தது. நெற்றி மேடையின் மேல் இருந்தது.

"வை, வை," என்று கீர்த்திவாசன் கத்தினார்.

வீரம்மா பேனலை வைத்தாள். முள் எழுந்து பச்சைக் கோட்டைத் தாண்டியது.

"பாஸ்," என்றாள் ஸ்டெபி. "அடுத்தது."

இரண்டாவது, மூன்றாவது. வெயில் நகர்ந்தது. முகம் மேடையிலிருந்து மெல்ல விலகியது. பேனலை அதன் பின்னாலேயே நகர்த்தினார்கள். நாலு பாஸ். ஐந்து. ஆறாவது கன்னத்தில் வைத்தார்கள். ஏழாவதுக்குத் தாடையின் ஓரம் மட்டும் மிச்சம் இருந்தது, பாதிப் பேனல் நிழலில் இருந்தது, முள் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஸ்டெபி குனிந்து பார்த்து, பாஸ் என்றாள். எட்டாவதை வைக்க மேடையில் வெளிச்சம் இல்லை.

தேவி இன்னும் ஏணியில்தான் இருந்தாள். இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"கழுத்துக்குக் கீழ வெட்டறேன்," என்றாள்.

"அது முடியாது!" ஆறுச்சாமி ஏணியடிக்கே வந்துவிட்டார். "மூஞ்சி உங்களுது, சரி. கழுத்துக்குக் கீழ என்ற சம்சாரம்."

எல்லோரும் பிளக்ஸைப் பார்த்தார்கள். பட்டுச்சேலை. கும்பிட்ட கை. மூன்று வளையல்.

"உங்க கழுத்துக்குக் கீழ படம் இல்லீன்னு ஜாபேஸ் கேட்டான். போன வருச பிளக்ஸுல இருந்து எடுத்துக்கச் சொன்னேன். அந்தக் கை என்ற ராஜாமணி கை. வெட்டாதீங் அம்மணி. ஊட்டுக்குப் போக முடியாது."

தேவி சேலையைப் பார்த்தாள். சரிதான். அவளிடம் அப்படி ஒரு சேலை இல்லை.

"முடி?" என்று கேட்டாள்.

"என்ன?"

"முடி என்றதுங்களா, அவங்களுதுங்களா?"

ஆறுச்சாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நாலு பேரும் பார்த்தார்கள்.

"முடி உங்களுது," என்றார். "காதும் உங்களுது. தோடு அவளுது."

தேவி ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். முழங்கால் நடுங்கியது. ஏணியும் நடுங்கியது. கீழே ஆறுச்சாமி அதைப் பிடித்துக்கொண்டார். துளையின் ஓரத்திலிருந்து கழுத்துவரை தொங்கிய முடியை வெட்டினாள். காதை வெட்டினாள். தோட்டைச் சுற்றிக் கத்தரி கவனமாகப் போயிற்று. தோடு மட்டும் ஒரு இழையில் தொங்கியது.

வெயில் மேடைக்குத் திரும்பி வந்தது. கொஞ்சமாக, கோணலாக, பேனல் அளவுக்கு.

வீரம்மா வைத்தாள். முள் எழுந்தது. கோட்டுக்குக் கீழே தயங்கியது.

"தோட்டு நெழலு," என்றார் கீர்த்திவாசன்.

ஆறுச்சாமி ஏணியைப் பிடித்தபடியே கூட வந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் ஒரு நீளக் கம்பை எடுத்து வந்து தோட்டை ஒருபக்கமாக ஒதுக்கிப் பிடித்தார்.

முள் கோட்டைத் தாண்டியது.

"பாஸ்," என்றாள் ஸ்டெபி. எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அடுத்த மாசம் பதினாறு பேனல். இங்கேயேதான்."

மூடுபனி மேலேறிவிட்டது. பிளக்ஸின் துளை வழியாக அது முற்றத்துக்குள் வந்தது. மீட்டர் முள் மெதுவாகப் படுத்தது. கம்பு பிடித்தவர் இன்னும் தோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேவி இறங்குவதற்கு முதல் படியில் வலது காலை வைத்தாள்.